பிரிட்டனில் இலவசம், அமெரிக்காவில் கொள்ளை: இரண்டுமே பாதிதான் உண்மை

கேள்வி இது: "மகள் மான்செஸ்டரில், மகன் நியூ ஜெர்சியில். 'ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்கவே எட்டு மாசம் ஆகும்கிறாங்க' என்று மகள் புலம்புகிறாள். 'ஸ்கேன் அடுத்த நாளே எடுத்தாச்சு, பில்லைப் பார்த்தாத்தான் தலை சுத்துது' என்கிறான் மகன். இதில் எது நல்ல முறை? பிரிட்டன் மாதிரி அமெரிக்காவும் வரிப்பணத்தில் வைத்தியம் பார்த்துவிட்டுப் போனால் என்ன?"

பிள்ளைகள் இருவர் சொல்வதும் உண்மைதான். ஆனால் நம்மூரில் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு தப்பான இடத்தில் ஆரம்பிக்கிறார்கள்: பிரிட்டனில் அரசாங்கம் கட்டுகிறது, அமெரிக்காவில் அவனவன் கட்டுகிறான் என்று. கணக்கைப் பார்த்தால் அப்படி இல்லை.

2023-இல் அமெரிக்கா மருத்துவத்துக்குச் செலவழித்தது சுமார் 4.9 லட்சம் கோடி டாலர், அதாவது ஜி.டி.பி.யில் 17.6 சதவீதம். அதில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான மெடிகேர் மட்டும் ஒரு லட்சம் கோடி டாலருக்கு மேல். ஏழைகளுக்கான மெடிகெய்ட் 87,000 கோடி டாலர். இந்த இரண்டு அரசுத் திட்டங்களின் செலவை மட்டும் அமெரிக்காவில் இருக்கும் எல்லார் தலையிலும் பங்கு போட்டால் ஆளுக்கு 5,600 டாலர் வரும். பிரிட்டனில் அதே ஆண்டு அரசு மருத்துவத்துக்குச் செலவழித்தது மொத்தமே சுமார் 23,900 கோடி பவுண்டு. தலைக்கு 3,500 பவுண்டு, டாலரில் சுமார் 4,350. ஆக, பிரிட்டன் அரசு தன் குடிமக்கள் எல்லாருக்கும் வைத்தியம் பார்க்கச் செலவழிப்பதைவிட அதிகமாக அமெரிக்க அரசு முதியோருக்கும் ஏழைகளுக்கும் மட்டுமே செலவழிக்கிறது. அதற்கு மேல்தான் கம்பெனிகளும் குடும்பங்களும் கட்டும் இன்சூரன்ஸ். உங்கள் மகன் வரியும் கட்டுகிறார், பிரீமியமும் கட்டுகிறார், அதற்கு மேல் பில்லும் கட்டுகிறார்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே இருக்கிறது? எந்த நாட்டிலும் எல்லாருக்கும் எல்லா வைத்தியமும் கேட்ட உடனே கொடுக்கப் பணம் கிடையாது. யாராவது ஒருவர், ஏதாவது ஒரு கட்டத்தில், "இது உனக்கு இப்போது கிடையாது" என்று சொல்லியாக வேண்டும். அதை யார் சொல்கிறார்கள், வைத்தியத்துக்கு முன்பா பின்பா என்பதில்தான் இரண்டு நாடும் பிரிகின்றன. மற்றதெல்லாம் அதிலிருந்து வருவதுதான்.

முதலில் இரண்டும் எப்படி இந்த நிலைக்கு வந்தன என்று பார்க்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், இரண்டையும் உருவாக்கியது ஒரே உலகப் போர்.

போருக்கு முன்பு பிரிட்டனில் அப்போதைய நிதி அமைச்சர் லாயிட் ஜார்ஜ் கொண்டுவந்த 1911 சட்டப்படி வேலை பார்க்கும் ஆளுக்கு மட்டும் டாக்டர் இன்சூரன்ஸ் உண்டு. அவர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கிடையாது. ஆஸ்பத்திரிகள் பாதி தர்ம ஸ்தாபனங்கள், பாதி நகராட்சி வசம். 1939-இல் குண்டுவீச்சுக்குப் பயந்து அரசாங்கம் அவசர மருத்துவ சேவை என்று ஒன்றை ஏற்படுத்தி, படுக்கைகளையும் டாக்டர்களையும் தன் கட்டுப்பாட்டில் எடுத்தது. போர் முடிந்தபோது தர்ம ஆஸ்பத்திரிகள் பல கையில் காசில்லாமல் இருந்தன. அரசுப் பணத்துக்குப் பழகியும் இருந்தன. எல்லாருக்கும் சமூகப் பாதுகாப்பு வேண்டும் என்று 1942-இல் வந்த பெவரிட்ஜ் அறிக்கை மக்களிடம் ஏற்கெனவே ஒரு எதிர்பார்ப்பைக் கிளப்பி விட்டிருந்தது. போருக்குப் பின் வந்த பிரதமர் அட்லியின் அரசில் சுகாதார அமைச்சரான அனூரின் பெவன், வேல்ஸ் நிலக்கரிச் சுரங்க ஊரான ட்ரெடிகரில் பிறந்தவர். அந்த ஊர்த் தொழிலாளர்கள் சம்பளத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுத் தங்களுக்கென்று டாக்டர்களையும் ஆஸ்பத்திரியையும் நடத்தி வந்ததை அவர் கண்ணால் பார்த்தவர். 1948 ஜூலை 5-ஆம் தேதி, வரிப்பணத்தில் எல்லாருக்கும் வைத்தியம் பார்க்கும் தேசிய மருத்துவ சேவை, அதாவது என்.எச்.எஸ்., தொடங்கியது. அதற்குச் சில மாதங்கள் முன்பு டாக்டர்கள் சங்கம் நடத்திய வாக்கெடுப்பில் பத்தில் ஒன்பது பேர் எதிர்ப்பு என்பதையும் சொல்ல வேண்டும். பெரிய டாக்டர்களுக்குத் தனியார் பிராக்டிஸை விட்டுக்கொடுத்துத்தான் பெவன் காரியத்தை முடித்தார். இன்றைக்கும் ஒரே சர்ஜன் காலையில் என்.எச்.எஸ்.ஸிலும் மாலையில் தனியாரிலும் பார்ப்பது அந்தப் பேரத்தின் மிச்சம்தான்.

அமெரிக்காவில் அதே போர் வேறு வேலை செய்தது. 1942-இல் விலைவாசியைக் கட்டுப்படுத்த அரசு சம்பள உயர்வுக்குத் தடை போட்டது. ஆள் கிடைக்காத காலம். கம்பெனிகள் என்ன செய்யும்? சம்பளத்தில் சேராத சலுகையாக இன்சூரன்ஸ் கொடுக்க ஆரம்பித்தன. அதற்குத் தடை இல்லை. 1954 வரிச் சட்டம் அந்தப் பிரீமியத்துக்கு வருமான வரி கிடையாது என்று உறுதியாகவே எழுதி வைத்துவிட்டது. 1945-இல் அதிபர் ட்ரூமன் எல்லாருக்கும் அரசே நடத்தும் தேசிய மருத்துவ இன்சூரன்ஸ் கேட்டார். அங்கேயும் டாக்டர்கள் சங்கம் எதிர்த்தது, அங்கே சங்கம் ஜெயித்தது. வேலையில் இருப்பவனுக்குக் கம்பெனி பார்த்துக்கொள்கிறது என்றானபின், மிச்சம் நின்றவர்கள் கிழவர்களும் ஏழைகளும். அவர்களுக்காக 1965-இல் அதிபர் ஜான்சன் மெடிகேர், மெடிகெய்ட் இரண்டையும் கொண்டுவந்தார். வயதாகியிருந்த ட்ரூமனின் ஊருக்கே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டு, முதல் மெடிகேர் அட்டையை அவருக்கே கொடுத்தார். ஆக, யாரும் திட்டம் போட்டுக் கட்டிய வீடு இல்லை அது. தேவைக்கு ஒரு அறை என்று சேர்த்துக்கொண்டே போனது.

இனி மகளின் கதை. என்.எச்.எஸ். என்றதும் நம்மவர்கள் ஜி.எச். மாதிரி என்று நினைக்கிறார்கள். ஜி.எச்.சுக்கு வசதியுள்ளவன் போவதில்லை, என்.எச்.எஸ்.ஸுக்கு எல்லாரும் போகிறார்கள். தனியார் இன்சூரன்ஸ் வைத்திருப்பவர் எட்டில் ஒருவர் இருக்கலாம். அவருக்கும் நெஞ்சு வலி என்றால் போகிற இடம் என்.எச்.எஸ். அவசரப் பிரிவுதான். பணம் பெரும்பாலும் பொது வரியிலிருந்து வருகிறது. சம்பளச் சீட்டில் பிடிக்கும் நேஷனல் இன்சூரன்ஸ்தான் மருத்துவத்துக்குப் போகிறது என்று அங்கேயே பலர் நம்புகிறார்கள். அதிலிருந்து போவது சுமார் ஐந்தில் ஒரு பங்குதான்.

அந்த முறையைப் புரிந்துகொள்ள ஜி.பி. எனும் குடும்ப டாக்டருக்குச் சம்பளம் எப்படி வருகிறது என்று பார்த்தால் போதும். அவர் அரசு ஊழியர் இல்லை, ஒப்பந்தக்காரர். தன் பட்டியலில் பதிந்திருக்கும் ஒவ்வொரு ஆளுக்கும் வருடத்துக்கு இவ்வளவு என்று, நூறு பவுண்டுக்குச் சற்று மேல், வயதையும் நோயையும் பொறுத்துக் கூட்டிக் குறைத்து, அவருக்கு அடிப்படைத் தொகை வருகிறது. நீங்கள் வருடத்துக்கு ஒருமுறை போனாலும் அதேதான், பத்து முறை போனாலும் அதேதான். ஸ்கேன் எழுதினால் அவருக்கு ஒரு பைசா லாபம் கிடையாது. அதனால்தான் இங்கிலாந்தில் இருக்கும் நம்மவர்கள் எல்லாரும் ஒரே குரலில், "எதுக்குப் போனாலும் பாராசிட்டமால் போடு, ஒரு வாரம் பார்த்துட்டு வா என்கிறான்" என்று சொல்கிறார்கள். அந்த டாக்டர் சோம்பேறி என்று சொல்ல மாட்டேன். தேவையில்லாத சோதனையை வடிகட்டுவதும் அவர் வேலையில் ஒரு பங்கு. ஸ்பெஷலிஸ்ட்டிடம் போக அவர் கடிதம் வேண்டும். "இல்லை" என்று சொல்லும் முதல் ஆள் அவர்.

இரண்டாவது ஆள் நைஸ் என்கிற அமைப்பு. 1999-இல் வந்தது. புது மருந்து ஒன்று நோயாளிக்குக் கூடுதலாகத் தரும் ஒவ்வொரு ஆரோக்கியமான ஆண்டுக்கும் எவ்வளவு விலை கேட்கிறது என்று கணக்குப் போடும். நீண்ட காலம் அந்த வரம்பு 20,000 முதல் 30,000 பவுண்டு வரை இருந்தது. அதைத் தாண்டினால் பொதுவாகக் கிடையாது. கேட்க ஈவிரக்கமற்றதாகத் தெரியும். ஒரு நிஜக் கதை: சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று பிறவியிலேயே நுரையீரலைப் பாதிக்கும் நோய். அதற்கு வெர்டெக்ஸ் கம்பெனியின் ஆர்காம்பி என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2015-இல் அனுமதி கிடைத்தது. பிரிட்டனில் அதன் விலை ஆண்டுக்கு ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல். 2016-இல் நைஸ் மறுத்தது. கம்பெனி இறங்கவில்லை, அரசும் இறங்கவில்லை. பெற்றோர்கள் போராட்டம் நடத்தினார்கள். அர்ஜென்டினாவில் தயாராகும் மலிவு நகலை வாங்கவும் சேர்ந்து முயன்றார்கள். 2019 அக்டோபரில், வெளியில் சொல்லாத ஒரு விலைக்கு ஒப்பந்தம் ஆனது. மூன்று வருடம். அந்தப் பெற்றோருக்கு அது எப்படிப்பட்ட மூன்று வருடம் என்று யோசியுங்கள். அதே நேரம், ஒரு நாட்டின் சார்பில் ஒரே ஆள் உட்கார்ந்து பேரம் பேசினால் விலை இறங்கும் என்பதும் அங்கேதான் தெரிந்தது.

மூன்றாவது "இல்லை" சொல்வது வரிசை. மகள் புலம்புவது இதைத்தான். சாதாரண சிகிச்சைக்கு 18 வாரத்துக்குள் என்பது விதி. 92 சதவீதம் பேருக்காவது அப்படி நடக்க வேண்டும். 2016-க்குப் பிறகு அந்த இலக்கை ஒரு தடவைகூட எட்டவில்லை. ஆனால் இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 2010 வாக்கில் இங்கிலாந்தில் காத்திருப்போர் பட்டியல் சுமார் 25 லட்சம்தான். அப்போதும் இதே முறைதான் இருந்தது. அதற்கு முந்தைய பத்தாண்டில் பிளேர் அரசு பணத்தைக் கொட்டியிருந்தது. பிறகு பட்ஜெட் இறுகியது. கட்டடம், ஸ்கேன் இயந்திரம் எதற்கும் போதிய பணம் இல்லை. கோவிட் வருவதற்கு முன்பே, 2020 தொடக்கத்தில், பட்டியல் 45 லட்சத்தைத் தாண்டிவிட்டது. 2023 செப்டம்பரில் 77 லட்சம். ஆகவே, வரியில் நடத்தினால் வரிசை நீளும் என்று சட்டம் ஒன்றும் இல்லை; நிதி அமைச்சர் எவ்வளவு ஒதுக்குகிறாரோ அதற்குத் தக்க வரிசை. ஒரு மனிதர் பட்ஜெட்டில் போடும் எண் நாடு முழுக்க முழங்கால் வலியாக மாறுகிறது. 2022 டிசம்பரில் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற அழைப்புகளுக்கு ஆம்புலன்ஸ் வரச் சராசரியாக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. இலக்கு 18 நிமிடம். இதை "இலவசம்தானே" என்று சொல்லிக் கடந்து போக முடியாது.

இலவசம் என்பதிலும் ஓட்டைகள் உண்டு. இங்கிலாந்தில் மருந்துச் சீட்டில் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு. வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்தில் அதுவும் கிடையாது. இங்கிலாந்திலும் பத்தில் ஒன்பது மருந்துகள் கட்டணமில்லாமல்தான் போகின்றன, ஏனென்றால் 60 வயது தாண்டியவர், குழந்தைகள், கர்ப்பிணிகள் எல்லாருக்கும் விலக்கு. மாத்திரையோ இன்சுலினோ எடுக்கும் சர்க்கரை நோயாளிக்கு ஒரு விலக்குச் சான்றிதழ் கிடைக்கும். அதை வைத்துச் சர்க்கரை மருந்து மட்டுமில்லை, எந்த மருந்தும் காசில்லாமல் வாங்கலாம். மகள் வீட்டில் யாருக்காவது சர்க்கரை இருந்தால் அது கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். பல் வைத்தியம் தனிக் கதை. கட்டணமும் உண்டு, டாக்டர் கிடைப்பதும் இல்லை. 2024-இல் பிரிஸ்டலில் புதிதாக ஒரு என்.எச்.எஸ். பல் கிளினிக் திறந்தபோது பெயர் பதியத் தெருவில் நூற்றுக்கணக்கானவர்கள் வரிசையில் நின்றார்கள். போலீஸ் வந்து ஒழுங்குபடுத்த வேண்டியிருந்தது. வயதானவர்களைப் பராமரிக்கும் இல்லங்களும் என்.எச்.எஸ்.ஸில் வராது. இங்கிலாந்தில் 23,250 பவுண்டுக்கு மேல் சொத்து இருந்தால் பராமரிப்புச் செலவை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெளியிலிருந்து போகிறவர்களுக்கு இன்னொன்று: விசாவோடு சேர்த்துக் கட்ட வேண்டிய மருத்துவ சர்சார்ஜ் எனும் கூடுதல் கட்டணம். 2024 பிப்ரவரியிலிருந்து பெரியவருக்கு வருடம் 1,035 பவுண்டு, மாணவருக்கும் 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்கும் 776. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் மூன்று வருட வேலை விசாவில் போனால், விமானம் ஏறும் முன்பே 10,866 பவுண்டு. போன பிறகு சம்பளத்தில் வரியும் பிடிப்பார்கள். ஒரே சேவைக்கு இரண்டு முறை வாங்குகிறார்கள் என்று நம்மவர்கள் கோபப்படுவது நியாயமான கோபம்.

இப்போது மகன் பக்கம். இதை நான் கொஞ்சம் கிட்டத்திலிருந்தே பார்த்திருக்கிறேன். சென்னையில் அமெரிக்க மெடிக்கல் பில்லிங் கம்பெனி ஒன்றில் ஏ.ஆர். காலராகச் சேர்ந்து, ராத்திரி ஷிப்டில் வருடக்கணக்கில் உட்கார்ந்தவன். தெரியாதவர்களுக்காக: அமெரிக்க டாக்டர் வைத்தியம் பார்த்த பிறகு, பார்த்த ஒவ்வொன்றுக்கும் ஐந்து இலக்கக் கோடு போட்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு கிளெய்ம் அனுப்ப வேண்டும். கோடு போடுவதும், அனுப்புவதும், வராத பணத்தைத் துரத்துவதும் பெருமளவில் சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் நடக்கிறது. துரத்துகிறவர்தான் ஏ.ஆர். காலர்.

இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தராவிட்டால் காரணத்தையும் கோடாகவே அனுப்பும். சி.ஓ.50 என்றால் "இந்த வைத்தியம் தேவையில்லாதது". சி.ஓ.197 என்றால் "முன் அனுமதி வாங்கவில்லை". சி.ஓ.29 என்றால் "காலம் கடந்து அனுப்பினீர்கள்". பி.ஆர்.1 வந்தால் நோயாளி தன் டிடக்டிபிளை, அதாவது இன்சூரன்ஸ் பணம் தர ஆரம்பிக்கும் முன் வருடா வருடம் அவரே கட்ட வேண்டிய தொகையை, கட்ட வேண்டும். நாங்கள் இந்த நம்பர்களை ரேஷன் கார்டு நம்பர் மாதிரி மனப்பாடமாகச் சொல்வோம். போன் போட்டு, முக்கால் மணி நேரம் பாட்டுக் கேட்டு, கடைசியில் எதிர்முனையில் ஒருவர் வருவார். அறுவை சிகிச்சை முடிந்து நோயாளி வீட்டுக்குப் போய் ஒரு மாதம் ஆகியிருக்கும். அது தேவையா இல்லையா என்று அப்போதுதான் நாங்கள் இருவரும், ஒருவர் பெருங்குடியிலும் இன்னொருவர் எங்கோ டெக்சாஸிலும் உட்கார்ந்து, பேசிக்கொண்டிருப்போம். இருவருமே டாக்டர் இல்லை.

நான் சொன்ன அந்த "பின்பு" இதுதான். முன் அனுமதி என்று ஒன்று இருப்பதால் சிலசமயம் முன்னாலும் மறுப்பார்கள். ஒபாமா கொண்டுவந்த 2010 சட்டத்தின் கீழ் தனி ஆட்களுக்கு விற்கும் பிளான்களில் 2023-இல் இன்சூரன்ஸ் கம்பெனிகள், தங்கள் சொந்த நெட்வொர்க்கில் உள்ள, அதாவது தங்களோடு விலை ஒப்பந்தம் போட்ட, டாக்டர்கள் அனுப்பிய கிளெய்ம்களிலேயே, ஐந்தில் ஒன்றை நிராகரித்தன. அப்பீல் செய்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. மிச்சப் பேர் விதி என்று விட்டுவிட்டார்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இது தெரியாதா என்ன?

பில் எப்படி வருகிறது என்பதற்கு ஒரு மாதிரிக் கணக்கு (எண்கள் நான் வசதிக்காகப் போட்டவை, வழிமுறை நிஜம்). மகனுக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன். ஆஸ்பத்திரி போடும் விலை 40,000 டாலர். அந்த விலையை யாரும் கட்டுவதில்லை. இன்சூரன்ஸ் கம்பெனியும் ஆஸ்பத்திரியும் முன்பே பேசி வைத்த விலை 18,000. பிளானில் டிடக்டிபிள் 2,000 என்றால் அதை மகன் கட்ட வேண்டும். மிச்சம் 16,000-இல் அவர் பங்கு 20 சதவீதம், 3,200. ஆக, கையை விட்டுப் போவது 5,200 டாலர். இது மாதாமாதம் கட்டும் பிரீமியத்துக்கு மேல். ஒரு வருடத்தில் இதற்கு மேல் கட்ட வேண்டாம் என்று சட்டப்படி ஒரு உச்சவரம்பு உண்டு. 2025-இல் தனி ஆளுக்கு 9,200, குடும்பத்துக்கு 18,400. ஆனால் பெரும்பாலான பிளான்களில் ஜனவரி 1 வந்தால் மீட்டர் பூஜ்யத்திலிருந்து ஓடும். டிசம்பர் 28-ஆம் தேதி படுத்து ஜனவரியிலும் சிகிச்சை தொடர்ந்தால் அடுத்த வருட டிடக்டிபிளும் சேர்ந்து விழும்.

நெட்வொர்க்கில் உள்ள ஆஸ்பத்திரிக்கே போயும், மயக்க மருந்து கொடுத்தவர் மட்டும் நெட்வொர்க்கில் இல்லை என்று தனி பில் அனுப்புவது ஒரு காலத்தில் சாதாரணம். 2022-இலிருந்து அதைப் பெரும்பாலும் தடை செய்துவிட்டார்கள், நல்ல சட்டம். ஆனால் தரையில் ஓடும் ஆம்புலன்ஸ் அந்தச் சட்டத்தில் இல்லை. ஹெலிகாப்டருக்குப் பாதுகாப்பு உண்டு, வேனுக்குக் கிடையாது. என்ன கணக்கோ.

இன்சூரன்ஸ் வேலையோடு கட்டப்பட்டிருப்பதுதான் அமெரிக்க முறையின் மோசமான பகுதி என்பேன். பில்லின் தொகைகூட அப்புறம்தான். 2024 கணக்குப்படி கம்பெனி மூலம் எடுக்கும் குடும்ப பிளானின் சராசரிப் பிரீமியம் 25,572 டாலர். அதில் ஊழியர் பங்கு சுமார் 6,300, மிச்சம் கம்பெனி கட்டுகிறது. கம்பெனி கட்டுவதாகத் தோன்றும் அதுவும் கொடுக்காத சம்பளம்தான். வேலை போனால் கோப்ரா என்ற சட்டப்படி அதே பிளானைப் பதினெட்டு மாதம் வரை வைத்துக்கொள்ளலாம், ஆனால் முழுப் பிரீமியத்தையும் கூட இரண்டு சதவீதத்தையும் நீங்களே கட்ட வேண்டும். மேலே சொன்ன சராசரியில் மாதம் 2,170 டாலர். சம்பளம் நின்ற மாதத்தில். எச்1பி விசாவில் இருப்பவர் அறுபது நாளில் வேறு வேலை தேடியாக வேண்டிய நேரத்தில் இதுவும் சேர்ந்துகொள்ளும். பிள்ளைக்கு ஆஸ்துமா, மனைவிக்கு தைராய்டு என்றால் பிடிக்காத வேலையைக்கூட விட முடியாது.

ஏழைகள் நிலை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஒபாமாவின் அந்த 2010 சட்டம் மெடிகெய்ட்டை விரிவாக்கியது. 2012-இல் சுப்ரீம் கோர்ட் அது மாநிலங்களின் விருப்பம் என்று சொல்லிவிட்டது. நாற்பது மாநிலங்கள் ஏற்றன. டெக்சாஸும் ஃபுளோரிடாவும் இன்னும் இல்லை. இன்சூரன்ஸே இல்லாதவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர். அவசரமாக வந்தவரை எந்த ஆஸ்பத்திரியும் திருப்பி அனுப்பக் கூடாது என்று 1986 சட்டம் சொல்கிறது, ஆனால் உயிரைக் காப்பாற்றிய பிறகு பில் வரும். மருத்துவக் கடனோடு இருப்பவர்கள் சுமார் இரண்டு கோடிப் பேர். என்.எச்.எஸ்.ஸில் எத்தனை குறை சொன்னாலும், மார்பு வலிக்கிறது, போனால் எவ்வளவு ஆகுமோ என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடும் ஆள் அங்கே இல்லை. எனக்கு அது பெரிய விஷயம்.

அமெரிக்காவுக்கும் நியாயமாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது. நல்ல இன்சூரன்ஸ் இருந்தால் ஸ்பெஷலிஸ்ட் சீக்கிரம் கிடைப்பார், புது மருந்து முதலில் கிடைக்கும். மார்பகப் புற்றுநோய் போன்றவற்றில் ஐந்தாண்டு பிழைப்பு விகிதம் பிரிட்டனைவிட நன்றாகவே இருக்கிறது. ஆனால் சராசரி ஆயுள் 2023-இல் 78.4 வருடம், பிரிட்டனில் சுமார் 81. துப்பாக்கி, போதை, உடல் பருமன் எல்லாம் அதில் சேர்ந்திருப்பதால் முழுப் பழியையும் ஆஸ்பத்திரி மேல் போடக் கூடாது. போட்டால் ஏமாற்று வேலை.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன்: அமெரிக்கா ஏன் மாற்றக் கூடாது? தெரியாமல் இல்லை. போர்வீரர்களுக்கு அரசே ஆஸ்பத்திரி கட்டி, டாக்டருக்குச் சம்பளம் கொடுத்து நடத்துகிறது, என்.எச்.எஸ்.ஸைவிட அதிகமாக அரசுமயமானது அது. மாற்ற முடியாததற்குக் காரணம் இரண்டு. ஒன்று, 15 கோடிப் பேருக்கு மேல் கம்பெனி இன்சூரன்ஸில் இருக்கிறார்கள். அதில் பாதிப் பேருக்கு மேல் திருப்தியாகவே இருப்பார்கள், பெரிய நோய் வராதவரை. கையில் இருப்பதைப் பிடுங்கிவிட்டு நல்லது தருகிறேன் என்றால் யார் ஓட்டுப் போடுவார்? கிளின்டன் 1993-94-இல் அதில்தான் தோற்றார். அதைப் பார்த்துத்தான் ஒபாமா எதையும் பிடுங்காமல் மேலே இன்னொரு அறை கட்டினார். அந்த அறையில் இருப்பவர்களின் பிரீமியத்துக்கு அரசு தந்த கூடுதல் மானியத்தை நீட்டிப்பதா வேண்டாமா என்ற சண்டையில்தான் 2025 இலையுதிர் காலத்தில் அமெரிக்க அரசாங்கமே 43 நாள் முடங்கியது. இரண்டு, ஜி.டி.பி.யில் 17.6 சதவீதம் என்று நாம் செலவாகச் சொல்வது வேறு யாருடைய வருமானமோ. டாக்டர், ஆஸ்பத்திரி, மருந்துக் கம்பெனி, இன்சூரன்ஸ், பில்லிங் கம்பெனி எல்லாம் அதில் உண்டு. எனக்குச் சம்பளம் வந்ததும் அதிலிருந்துதான்; பிரிட்டனில் துரத்த பில் இல்லை, அதனால் அங்கேயிருந்து எங்களுக்கு வேலையும் வரவில்லை. 1948-இல் பெவன் எடுத்துக்கொண்டது பாதி திவாலான ஆஸ்பத்திரிகளை. இன்று அமெரிக்காவில் எடுக்கப் போனால் நாட்டிலேயே பணக்காரத் தொழில் ஒன்றோடு மோத வேண்டும். அதனால் முழு மாற்றம் வரும் என்று நான் நம்பவில்லை. சிறு சிறு மாற்றம் வரும். மெடிகேர் மருந்து விலையைப் பேரம் பேசக் கூடாது என்று இருந்த தடை 2022 சட்டத்தில் உடைந்தது. முதல் பத்து மருந்துகளின் புது விலை 2026 ஜனவரியிலிருந்து. மெடிகேரில் இன்சுலினுக்கு மாதம் 35 டாலர் உச்சவரம்பு வந்துவிட்டது.

எது நல்லது என்று கேட்டீர்கள். எந்த நாட்டில் எப்படிப்பட்ட ஆளாகப் பிறப்பேன் என்று தெரியாமல் தேர்ந்தெடுக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு பிரிட்டன் என்பேன். நல்ல வேலையில், நாற்பது வயதில், அரிய புற்றுநோயோடு என்றால் அமெரிக்கா. உங்கள் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு நாட்டில் இருப்பதால் நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. ஆனால் போய் வரும்போது உங்களுக்கே சில விஷயம் தேவைப்படும்.

மான்செஸ்டருக்கு விசிட் விசாவில் போனால் என்.எச்.எஸ். உங்களுக்கு இலவசம் இல்லை. அவசரப் பிரிவில் பார்ப்பது இலவசம், வார்டில் சேர்த்தால் வழக்கமான செலவில் ஒன்றரை மடங்கு பில் போடுவார்கள். 500 பவுண்டுக்கு மேல் கட்டாமல் வந்தால் விவரம் விசா இலாகாவுக்குப் போய் அடுத்த விசாவில் இடிக்கும். நியூ ஜெர்சிக்குப் போனால் விசிட்டர் இன்சூரன்ஸ் இரண்டு வகை. விலை குறைவாக இருக்கும் ஃபிக்ஸட் பெனிஃபிட் பிளான், ஆஸ்பத்திரியில் ஒரு நாளுக்கு இவ்வளவுதான் என்று ஒரு தொகை கொடுத்துவிட்டு நிற்கும்; நிஜ பில்லுக்கு அது மோர் வாங்கக்கூடக் காணாது. நிஜ பில்லில் ஒரு பங்கைக் கணக்கிட்டுக் கட்டும் காம்ப்ரிஹென்சிவ் பிளானாகப் பார்த்து எடுங்கள். உங்களுக்கு ஏற்கெனவே பி.பி.யோ சர்க்கரையோ இருந்தால், அது திடீரென்று தீவிரமானால் எவ்வளவு தருவார்கள், உங்கள் வயதுக்கு அந்த உச்சவரம்பு என்ன என்ற இரண்டையும் பாலிசிப் பத்திரத்தில் காட்டச் சொல்லிப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். எழுபது வயது தாண்டினால் பல பிளான்களில் அந்தத் தொகை பாதியாகவோ பூஜ்யமாகவோ ஆகிவிடும். ஏஜென்ட் அதைப் போனில் சொல்ல மாட்டார்.